சபையில் எனக்குரிய ஊழியம் எது? சிங்கப்பூர்த் தமிழ்ச் சபையார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் தமிழில் ஆராதிக்கும் சபைகள் மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன், லுத்தரன், கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே எனப் பல மரபுகளைச் சேர்ந்தவை. பொறுப்புகளின் பெயர்களும் அவற்றுக்கு ஆட்களை நியமிக்கும் முறைகளும் ஒவ்வொன்றிலும் வேறுபடும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் சீர்திருத்த மரபுச் சபைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. உங்கள் சபையின் ஒழுங்கு வேறாக இருந்தால் அந்த ஒழுங்கையே பின்பற்றுங்கள்.

எனக்கு என்ன வரம் இருக்கிறது என்றே தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

பெரும்பாலோர் இந்தக் கேள்வியைத் தம்மை நோக்கியே கேட்டுக்கொள்கிறார்கள்: எனக்கு என்ன வரும், எனக்கு எதில் விருப்பம், நான் எதற்காக அழைக்கப்பட்டேன். முதல் கேள்வி சபையை நோக்கியதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இங்கே யார் கவனிக்கப்படாமல் இருக்கிறார்கள், எந்த வேலை ஆளில்லாமல் கிடக்கிறது என்று சில வாரங்கள் பார்த்தால், தொடங்க வேண்டிய இடம் பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் இதற்கு நல்ல முன்மாதிரி. எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், விடுபட்டுப் போகிறார்கள், முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர்கள் சபையைக் கூட்டி, நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்கிறார்கள். சபை தெரிந்தெடுத்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் மொழியையும் மனத்தையும் அறிந்தவர்களிடமே அந்தப் பந்தி விசாரணை ஒப்படைக்கப்பட்டது என்று கொள்ள இடமிருக்கிறது. ஸ்தேவானும் பிலிப்பும் அந்த ஏழு பேரில் இருவர். ஒருவர் முதல் இரத்தசாட்சியானார்; மற்றவர் சமாரியாவில் சுவிசேஷத்தை அறிவித்தார். இருவரும் தங்கள் வரங்களை முன்கூட்டியே கணித்து வைத்துக்கொண்டு ஊழியத்துக்கு வரவில்லை. உணவு பங்கிடும் பொறுப்பில் நின்றார்கள். மற்றவை அதன் பிறகு வெளிப்பட்டன.

நான்கு அதிகார மொழிகள் உள்ள நாட்டில் தமிழ்ச் சபையாக இருப்பவர்களுக்கு மொழியால் விடுபடுவது எப்படியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. ஆகவே அதே கண்ணோடு நம் சபைக்குள்ளும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் பேசும் பதின்ம வயதினர், மருத்துவமனைப் படிவத்தை நிரப்பத் தெரியாத பாட்டி, ஆராதனை முடிந்ததும் யாரோடும் பேசாமல் விடுதிக்குத் திரும்பும் வெளிநாட்டு ஊழியர், இவர்களில் ஒருவராவது உங்கள் கண்ணில் படுவார். அங்கிருந்து தொடங்குங்கள். அதற்கு எந்தக் குழுவின் தீர்மானமும் வேண்டியதில்லை.

வரங்களைக் கண்டறியும் கேள்வித்தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றனவே, அவற்றை நம்பலாமா?

பேச்சைத் தொடங்கி வைக்க அவை உதவும், முடிவெடுக்க உதவா. அவை காட்டுவது நீங்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதை மட்டுமே. நன்றாகப் பாடுவதாக நினைப்பவர் அந்தக் கட்டத்தில் நிச்சயம் அதிக மதிப்பெண் இட்டுக்கொள்வார். பாடகர் குழுவின் கருத்து வேறாக இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வரங்களைப் பற்றிப் பவுல் ரோமர் 12, 1 கொரிந்தியர் 12, எபேசியர் 4 ஆகிய இடங்களில் எழுதுகிறார். இந்தப் பட்டியல்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ரோமர் நிருபம் பகிர்ந்துகொடுத்தலையும் இரக்கஞ்செய்தலையும் சொல்கிறது. கொரிந்தியர் நிருபம் குணமாக்கும் வரங்களையும் பாஷைகளையும் சொல்கிறது. எபேசியர் நிருபம் அப்போஸ்தலர், தீர்க்கதரிசிகள், சுவிசேஷகர், மேய்ப்பர், போதகர் என ஆட்களையே வரமாகச் சொல்கிறது. எதுவும் முழுமையான அட்டவணையாக எழுதப்படவில்லை. ஒலிபெருக்கி அமைப்பைச் சரிபார்ப்பவரும் நேரலையைப் பார்த்துக்கொள்பவரும் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதால் அவர்களுடையது குறைந்த ஊழியம் என்று நினைக்க வேண்டாம். யாத்திராகமம் 31இல் ஆசரிப்புக்கூடாரத்து வேலைக்காகத் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவனாகச் சொல்லப்படும் பெசலெயேல் கைவினைஞன்.

நான் தமிழகத்திலிருந்து அண்மையில்தான் வந்தேன். அங்கே ஓய்வுநாள் பள்ளி ஆசிரியராக இருந்தேன். இங்கே ஏன் உடனே பொறுப்பு தருவதில்லை?

உங்கள் மீது நம்பிக்கை இல்லாததால் அல்ல. மூப்பர் பொறுப்புக்கு நூதன சீஷன் (விசுவாசத்துக்குப் புதியவர்) ஆகாது என்றும், உதவிக்காரர் முன்னதாகச் சோதிக்கப்பட வேண்டும் என்றும், ஒருவர்மேலும் சீக்கிரமாகக் கைகளை வைக்க (பொறுப்பில் அமர்த்த) வேண்டாம் என்றும் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபம் எச்சரிக்கிறது. நீங்கள் விசுவாசத்தில் நூதனமானவர் அல்லர். ஆனால் இந்தச் சபைக்குப் புதியவர். பழைய சபையின் போதகரிடமிருந்து ஓர் அறிமுகக் கடிதம் பெற்றுக் கொடுங்கள். அங்கத்துவ வகுப்பு இருந்தால் சேருங்கள். அதுவரை வகுப்பில் உதவியாளராக இருக்க அனுமதி கேட்கலாம். இங்குள்ள பிள்ளைகள் வீட்டில் எந்த மொழியில் ஜெபிக்கிறார்கள், எந்த வேதகதை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதைப் புரிந்துகொள்ள அந்த இடைவெளி பயன்படும். ஊரில் எடுத்த பாடத்தை அப்படியே இங்கே எடுத்தால் பாதிப் பிள்ளைகளுக்குப் புரியாது.

வேலை அனுமதியில் இருப்பவர் சபை நிர்வாகக் குழுவில் சேரலாமா?

இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் பலருக்குத் தெரிவதில்லை. 1990ஆம் ஆண்டின் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்துக்கு 2019இல் செய்யப்பட்ட திருத்தங்கள் 2022 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. அவற்றின்படி, தனியாக விலக்குப் பெறாத சமய அமைப்பு ஒன்றின் தலைவர், செயலாளர், பொருளாளர் அல்லது அவற்றுக்கு இணையான பொறுப்புகளில் இருப்பவர்கள் சிங்கப்பூர்க் குடிமக்களாகவோ நிரந்தரவாசிகளாகவோ இருக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் பெரும்பான்மையினர் குடிமக்களாக இருக்க வேண்டும். அயல்நாட்டிலிருந்து சமய அமைப்புகளின் மீது செலுத்தப்படும் செல்வாக்கைத் தடுப்பதே இதன் நோக்கம். ஒரே தடவையில் 10,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் வரும் வெளிநாட்டு நன்கொடைகளைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் இதே திருத்தத்தில் வந்தது.

ஆகவே தேர்தலில் உங்கள் பெயரை ஒருவர் முன்மொழிந்து, செயலாளர் அதைத் தள்ளிவைத்தால், மனம் நொந்துகொள்ள வேண்டாம். பாடகர் குழு, வீட்டு ஜெபக் கூட்டம், பிள்ளைகள் வகுப்பு, விடுதிச் சந்திப்பு போன்ற பணிகளுக்கு இந்த விதி பொருந்தாது. ஊதியம் தொடர்பில் மட்டும் கவனமாக இருங்கள். வேலை அனுமதி வைத்திருப்பவர் தம் முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம். வேறொரு சபையில் கீபோர்டு வாசித்துவிட்டுப் பணம் பெறுவது உங்களுக்கும் அந்தச் சபைக்கும் சிக்கலை உண்டாக்கும்.

என் அண்ணன் ஊரில் போதகர். விடுமுறைக்கு இங்கே வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கிக்கச் சொல்லலாமா?

சபை அலுவலகத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து சமயம் குறித்துப் பேசுபவருக்கு மனிதவள அமைச்சின் பல்வகை வேலை அனுமதி தேவை. அது அதிகபட்சம் 60 நாள்களுக்கானது. இங்குள்ள அமைப்பு ஒன்று ஆதரவாளராக நின்று விண்ணப்பிக்க வேண்டும். சுற்றுலா வருகையாளராக வந்து இறங்கிய மறுநாளே, "ஐயா, நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று மேடைக்கு அழைக்கும் ஊர்ப் பழக்கத்தை இங்கே விட்டுவிடுவது நல்லது.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை விடுப்பே கிடைப்பதில்லை. நான் என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்வியைப் பல வகை ஆட்கள் கேட்கிறார்கள்: மருத்துவமனையில் சுற்றுமுறை வேலை பார்க்கும் தாதியர், கப்பல் பட்டறையில் கூடுதல் நேரம் செய்பவர்கள், வீட்டுப் பணிப்பெண்கள், தேசிய சேவையில் இருக்கும் இளையர். இவர்களுக்கென்று தனிப் பதில் தேவை. ஏனெனில் நம் சபைகளில் ஊழியம் என்றாலே ஞாயிறு காலை என்று பொருளாகிவிட்டது. அது சபையின் குறைபாடு, உங்களுடையது அன்று.

பணிப்பெண்கள் தங்கள் உரிமையை அறிந்திருக்க வேண்டும். 2013 முதல் வாரத்துக்கு ஓர் ஓய்வுநாள் உண்டு. இருதரப்பும் ஒப்புக்கொண்டால் அதற்குப் பதிலாகப் பணம் பெறலாம். ஆனால் 2023 ஜனவரி 1 முதல், மாதத்தில் குறைந்தது ஒரு நாளைப் பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாது, விடுப்பாகவே தர வேண்டும். அந்த நாள் ஞாயிறாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. முதலாளியோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். மாதத்தில் ஒரே ஒரு நாள் வெளியே வருகிறவரைக் காலை முதல் மாலை வரை சபைச் சமையலறையில் நிறுத்தி வைக்கும் வழக்கம் எங்காவது இருந்தால் அதை நிறுத்த வேண்டும். அன்று அவர் உட்கார்ந்து பாடட்டும், சாப்பிடட்டும், தோழிகளோடு பேசட்டும்.

கிழமை நாள்களில் செய்யக்கூடியவை ஏராளம். ஜெப விண்ணப்பங்களைத் தொகுத்து வாட்ஸ்அப் குழுவில் இடுவது, ஆராதனைத் தாளின் தமிழ் எழுத்துப் பிழைகளைத் திருத்துவது, தனியாக இருக்கும் முதியவருக்குத் தொலைபேசியில் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துக் காட்டுவது போன்றவற்றை இரவுப் பணி முடித்துவிட்டு வருகிறவர்களும் செய்யலாம். விடுதியில் தங்கியிருப்பவருக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. சபையின் சந்திப்புக் குழு மாதம் ஒரு முறை அனுமதி பெற்றுப் போகும் இடத்தில் அவர் தினமும் வாழ்கிறார். காய்ச்சலில் படுத்திருக்கும் அறைத்தோழருக்குக் கஞ்சி வாங்கிக் கொடுப்பவரும் அவரே. அந்தக் குழு அவரைக் கலந்து ஆலோசிக்காமல் திட்டம் வகுத்தால் பாதி வேலை வீணாகும்.

நான் இங்கே பிறந்தவன். தமிழ் பேசுவேன், வேகமாக வாசிக்க வராது. தமிழ்ச் சபையில் எனக்கு இடம் உண்டா?

உண்டு. வேதபாடம் வாசிக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். முந்தைய வாரமே பகுதியைப் பெற்று, பெரியவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டிப் பழகிக்கொள்ளுங்கள். பழைய மொழிபெயர்ப்பின் நடை பள்ளியில் படித்த தமிழிலிருந்து வெகுவாக விலகியது. அதில் தடுமாறுவது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல. சபையாருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை ஒருவன் "உக்கிராணக்காரன்" என்ற சொல்லில் தடுக்கி நின்றால் முன்வரிசையில் சிரிக்காதீர்கள். சிரிப்பொலி கேட்ட பிள்ளை அடுத்த வாரம் ஆங்கில ஆராதனைக்குப் போய்விடுவான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

இரு மொழிகளும் புழங்குவதே உங்கள் பலம். பாட்டிக்கும் பேரனுக்கும் இடையில் நின்று பேசக்கூடியவர்கள் சபையில் நாளுக்கு நாள் குறைந்து வருகிறார்கள்.

எனக்குப் பிரசங்க ஊழியத்துக்கு அழைப்பு இருக்கிறது. போதகர் வாய்ப்பே தருவதில்லை. என்ன செய்வது?

உள்ளத்தில் உணரும் அழைப்பு மெய்யாக இருக்கலாம். ஆனால் திருச்சபை மரபில் அழைப்புக்கு இரண்டு பக்கம் உண்டு. அந்தியோகியா சபை ஆராதித்து உபவாசித்திருந்தபோதுதான் பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடும்படி ஆவியானவர் சொன்னார் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள் 13. தமஸ்கு வழியில் ஒளியைக் கண்ட சவுலும்கூட (பின்னாளில் பவுல்) ஒரு சபையால் அனுப்பப்பட்டார். ஆகவே "எனக்குத் தேவன் சொன்னார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடாது. சபை அதைச் சோதித்து ஆமென் சொல்ல வேண்டும்.

சோதிக்க வழிகள் உள்ளன. மெதடிஸ்ட் சபைகளில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பிரசங்கியார்களும், ஆங்கிலிக்கன் சபைகளில் வாசகர்களும் குருத்துவ அபிஷேகம் பெறாத விசுவாசிகளே. வீட்டுக்கூட்டத்தில் பத்து நிமிடத் தியானம் கொடுக்கக் கேளுங்கள். பேசி முடித்தபின், "ஐயா, நன்றாக இருந்தது" என்பவரை விட்டுவிட்டு, "மூன்றாவது கருத்து எனக்கு விளங்கவில்லை" என்பவரோடு உட்காருங்கள். எபேசுவில் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் வாக்குவல்லவனான அப்பொல்லோவைத் தனியே அழைத்துப்போய் இன்னும் திட்டமாய் விளக்கிக் காண்பித்தார்கள், அவனும் கேட்டுக்கொண்டான். அப்படிக் கேட்டுக்கொள்ளும் மனம் இல்லாதவருக்குப் பிரசங்கபீடத்தைக் கொடுக்கத் தயங்கும் போதகரை நான் குறை கூற மாட்டேன். எல்லா வாரமும் தாமே பேசி, யாரையும் வளர்க்காத போதகரின் கதை வேறு. அப்படியென்றால் அதை நிர்வாகக் குழுவில் வெளிப்படையாகப் பேச வேண்டும். வாசலில் நின்று முணுமுணுப்பதால் பயனில்லை.

முழுநேர ஊழியத்தை நோக்கிப் போகிறவர்கள் இறையியல் படிப்பைத் தள்ளிப்போட வேண்டாம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், லுத்தரன் சபைகளின் ஆதரவோடு இயங்கும் டிரினிட்டி இறையியல் கல்லூரி 1948 முதல் இங்கே ஊழியரைப் பயிற்றுவித்து வருகிறது. தமிழிலேயே ஆழமாகக் கற்க விரும்புவோர் மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரியைப் பற்றியும் விசாரிக்கலாம். எங்கே படிப்பதாக இருந்தாலும், உங்கள் சபைப் பிரிவு அந்தப் பட்டத்தை ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண்களுக்குச் சமையலும் பிள்ளைகள் வகுப்பும்தானா?

சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபை பெண்களையும் போதகர்களாக அபிஷேகம் செய்கிறது. சில பிரிவுகள் செய்வதில்லை. அந்த விவாதத்துக்குள் இங்கே போகாமல் ஒன்று மட்டும் சொல்கிறேன். பவுல் ரோமாபுரிக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரம், கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றே தொடங்குகிறது. இந்த ஊரிலும் முன்னோடிகள் உண்டு. 1887இல் சோஃபியா பிளாக்மோர் என்ற மிஷனரி ஷார்ட் ஸ்திரீட்டில் ஒன்பது இந்தியச் சிறுமிகளோடு தொடங்கிய தமிழ்ப் பெண்கள் பள்ளியே இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியாக வளர்ந்தது. தங்கள் பெண்பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும் என்று அக்காலத் தமிழ் வணிகர்கள் கேட்டதும் அதற்கு ஒரு காரணம். தேவை எழுந்தது, அதைக் கேட்கும் காது இருந்தது, ஒரு பெண் அதில் இறங்கினார்.

சமையலறைப் பட்டியலில் ஆண்களின் பெயர்களும் வர வேண்டும் என்பதை மட்டும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். இங்குள்ள ஆண்களில் பலர் திருமணத்துக்கு முன் வாடகை அறையில் தாமே பொங்கிச் சாப்பிட்டவர்கள்தாமே!

கணக்கு வேலை தெரியும். பொருளாளராக இருப்பது ஊழியமாகுமா?

ஆகும், அதில் கண்டிப்பும் உண்டு. அறநிறுவனமாகப் பதிவுபெற்ற சபைகள் அறநிறுவன ஆணையரின் விதிகளுக்கு உட்பட்டவை. ஒருவரே தொடர்ந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் பொருளாளராக இருக்கக் கூடாது என்பது அவற்றுக்கான நல்லாளுமை நெறிமுறையின் எதிர்பார்ப்பு. காணிக்கையை எப்போதும் இருவர் சேர்ந்தே எண்ணிக் கையெழுத்திடுங்கள். இது பொருளாளரைச் சந்தேகிப்பதற்கான ஏற்பாடன்று. அவர் மீது சந்தேகம் வராமல் காப்பதற்கானது. எருசலேமுக்கான தர்மப்பணத்தைக் கொண்டுபோகும்போது பவுலும் தனியே போகாமல், சபைகள் தெரிந்துகொண்ட ஒருவரை உடன் அனுப்புகிறார் (2 கொரிந்தியர் 8).

உறுப்பினர் பட்டியலை வைத்திருப்பவர்கள் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். முகாமுக்குப் பெயர் கொடுப்பவர்களிடம் பழக்கத்தால் அடையாள அட்டை எண்ணைக் கேட்பதை, 2019 செப்டம்பரில் நடப்புக்கு வந்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகும் சில படிவங்களில் காண்கிறோம்.

எல்லாப் பொறுப்பும் என் தலையில்தான். விட்டால் சபை நின்றுவிடும் என்று பயமாக இருக்கிறது.

எத்திரோ தன் மருமகன் மோசேயிடம் சொன்னது இதுதான்: இது உமக்கு மிகவும் பாரமானது, நீர் ஒருவராய்ச் செய்ய உம்மால் கூடாது, நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் (யாத்திராகமம் 18). பின்பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கும்போது அவரை நம்பியிருப்பவர்களும் சோர்ந்துபோகிறார்கள். நீங்கள் இல்லாவிட்டால் நின்றுவிடும் வேலையில் சில உண்மையில் நிறுத்தப்பட வேண்டியவையாகவே இருக்கலாம். முப்பது ஆண்டுகளாக நடக்கிறது என்பதற்காகவே நடக்கும் கூட்டங்கள் எல்லாச் சபைகளிலும் உண்டு.

பொறுப்பை ஏற்கும்போதே முடியும் மாதத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒருவரைப் பழக்குங்கள். போதகர் புதிய பொறுப்பொன்றைச் சொல்லி, "தம்பி, நீதான் செய்யணும்" என்றால், "எதை விடட்டும் ஐயா?" என்று பணிவோடு கேளுங்கள். அவர் பதில் சொல்லத் திணறினால் உங்களிடம் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்கும் விளங்கும். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். சொந்த வீட்டை விசாரிக்க அறியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று கேட்கும் நிருபத்தைத்தான் நாம் மூப்பர் தேர்தலன்று வாசிக்கிறோம்.

ஒரு ஊழியத்தில் சேர்ந்தேன், எனக்குப் பொருந்தவில்லை. விலகினால் பின்வாங்கியதாகச் சொல்வார்களே?

சிலர் சொல்வார்கள். காலவரையறையோடு தொடங்கியிருந்தால் அந்தக் காலத்தை முடித்துவிட்டு விலகுங்கள். இடையில் போக வேண்டியிருந்தால் பொறுப்பாளரிடம் நேரில் சொல்லுங்கள், வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேற வேண்டாம். பொருந்தாத இடத்தை அறிந்துகொண்டதும் பயனே. ஆனால் வேலை பொருந்தவில்லையா, கூட இருக்கும் ஆள் பொருந்தவில்லையா என்பதைப் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது காரணமென்றால் அடுத்த குழுவிலும் அப்படியொருவர் காத்திருப்பார்.

வேலை முடிந்து நாடு திரும்புகிறேன். என் பொறுப்பை எப்படி ஒப்படைப்பது?

வேலை அனுமதி ரத்தானபின் கிடைக்கும் நாள்கள் குறைவு என்பதால், திரும்பும் எண்ணம் உறுதியானதுமே சபையிடம் சொல்லிவிடுங்கள். என்ன செய்தீர்கள், யாரைச் சந்தித்தீர்கள், எந்த வீட்டில் யாருக்கு என்ன மருந்து, எந்தப் பிள்ளை எதற்குப் பயப்படுவான் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கொடுங்கள். அந்தரங்கமாகச் சொல்லப்பட்டவற்றைச் சொன்னவரின் அனுமதி இல்லாமல் எழுதக் கூடாது. மின்னஞ்சல், யூடியூப் கணக்குகளின் கடவுச்சொற்களைச் செயலாளரிடம் கொடுத்து, உங்கள் கைப்பேசியிலிருந்து வெளியேறுங்கள். ஆலயச் சாவியை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஊரில் சேரப்போகும் சபைக்கு இங்குள்ள போதகரிடம் கடிதம் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அங்கேயும் சில மாதங்கள் புதியவராகத்தான் உட்கார வேண்டியிருக்கும்.